தானமும் தன்மானமும்

(தம்ம வகுப்பிற்குரிய பாடம்)



பத்துப் பாரமிதைகளை எண்ணத் தொடங்குவோர் தானத்தையே முதலில் வைத்து எண்ணுவர். சீலமும் ஞானமும்கூட அதன் பின்னரே வருகின்றன. தமிழில் எழுந்த பௌத்தக் காப்பியமாகிய மணிமேகலையிலும், துறவு பூண்ட மணிமேகலை கையில் ஏந்தியது அமுதசுரபி என்னும் பாத்திரமே. அதில் முதற் பிச்சை இட்டவள் ஆதிரை. பசிப்பிணி தீர்த்தலே அக்காப்பியத்தில் பேரறமாக நிற்கிறது.

இவையெல்லாம் நாம் அறிந்தவையே. ஆயினும் தானம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவருள் பலர் முகம் சுளிக்கின்றனர். அதற்குக் காரணம் உண்டு. தலைமுறை தலைமுறையாக நம் முன்னோருக்குக் கிடைத்த தானம் யாது? எட்ட நின்று இட்ட சோறும், உடுத்திக் கழித்த துணியுமே அன்றோ? பெற்றவன் தலை நிமிரலாகாது என்னும் கருத்தோடு கொடுத்த கொடை அது. அத்தகைய தானத்தை வெறுத்தல் குற்றமாகாது. ஆனால் அந்த வெறுப்பினால் தானம் என்னும் பாரமிதையையே கைவிட்டு விடுவோமாயின், இழப்பு நமக்கே.

ஆகவே இப்பாடத்தில் இரண்டு கேள்விகளை ஆராய்வோம். பெறுபவனுடைய தன்மானம் கெடாமல் கொடுக்க இயலுமா? அன்றாடம் உழைத்து உண்ணும் ஏழைகளாகிய நாமும் கொடுப்போராக இயலுமா? இவற்றிற்கு விடையாக, தைவான் தீவில் தோன்றி உலகெங்கும் தொண்டாற்றும் ஒரு பௌத்த அறநிறுவனத்தின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம்.

1. தொண்டிற்கு அமைப்பு எதற்கு?

இலாபம் கருதாத் தொண்டு நிறுவனம் என்பது வணிகமும் அன்று, அரசாங்கமும் அன்று. வரும் பொருளில் மிச்சமானதைப் பங்கு போட்டுக்கொள்ளாமல், எடுத்துக்கொண்ட பணிக்கே திரும்பச் செலவிடும் கூட்டம் அது. ஒருவனுடைய இரக்கம் அவன் நோயுற்றால் ஓய்ந்துவிடும். அமைப்பின் இரக்கம் ஆள் மாறினும் நிற்கும். 1859-இல் இத்தாலியில் சோல்பெரினோப் போர்க்களத்தில் காயமுற்றோர் கேட்பாரற்றுக் கிடந்ததை ஹென்றி துனான் என்னும் சுவிட்சர்லாந்து நாட்டவர் கண்டார். கண்ட இரக்கத்தை அவர் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. 1863-இல் ஜெனீவா நகரில் குழு ஒன்று அமைந்தது. அதுவே செஞ்சிலுவைச் சங்கமாக வளர்ந்தது. கண்ணீர் அன்றோடு காய்ந்துவிடும். அமைப்பே ஆண்டுகள் தாண்டி நிற்கும்.

2. மூங்கில் குழாயில் பிறந்த சங்கம்

தைவானின் கிழக்குக் கரையில் ஹுவாலியன் என்னும் ஊர் உள்ளது. அக்காலத்தில் அது வசதி குறைந்த வட்டாரம். 1937-இல் பிறந்த செங் யென் என்னும் பிக்குணி அங்கே சில துறவிகளோடு வாழ்ந்தார். 1963-இல் அவர் துறவு பூண்டபோது ஆசிரியராக ஏற்றவர் யின் ஷுன் என்னும் அறிஞர். பௌத்தத்திற்காகவும் சகல ஜீவர்களுக்காகவும் வாழ்க என்பதே ஆசிரியர் அருளிய சுருக்கமான உபதேசம்.

இப்பிக்குணிகள் தம் வயிற்றுக்காக எவரிடமும் நன்கொடை பெறுவதில்லை என்று விதி வகுத்துக்கொண்டனர். உழைத்தே உண்டனர். 1966-இல் ஏழைகளுக்கு உதவ வேண்டுமென எண்ணியபோது, அறுவர் ஒவ்வொருவரும் நாளொன்றுக்கு ஒரு ஜோடி குழந்தைக் காலணி கூடுதலாகத் தைப்பது என முடிவு செய்தனர். ஒரு ஜோடிக்குக் கிடைத்தது 4 தைவான் டாலர். ஆகவே நாளொன்றுக்கு 24, மாதத்திற்கு 720.

அவ்வூர்க் குடும்பப் பெண்கள் முப்பது பேர் இவர்களோடு சேர்ந்தனர். ஒவ்வொருவருக்கும் ஒரு மூங்கில் குழாய் உண்டியலாக அளிக்கப்பட்டது. காலையில் சந்தைக்குப் புறப்படுமுன் 50 சென்ட், அதாவது அரை டாலர், அதில் இட வேண்டும். மாதத்திற்கு 15 டாலரை ஒரே முறையாகத் தந்துவிட்டால் எளிதன்றோ என்று கேட்டவர்க்குச் செங் யென் மறுப்புக் கூறினார். மாதம் ஒருமுறை கொடுப்பவர் மனத்தில் மாதம் ஒருமுறையே இரக்கம் எழும். நாள்தோறும் இடுபவர்க்கு நாள்தோறும் எழும் என்பது அவர் கருத்து. அப்பெண்களின் காசு மாதம் 450 டாலர். காலணி வருவாயோடு சேர்த்து 1170 டாலர். இதுவே அந்நிறுவனத்தின் முதல் மூலதனம். கருணையும் உதவியும் என்று பொருள்படும் ‘ட்சு சி’ என்பது அதன் பெயர்.

பஞ்சாலையில் வேலை செய்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு கதிரில் சுற்றும் நூல் ஊதினால் பறக்கும். ஆனால் ஆயிரம் கதிரின் நூல் பாவாகி ஊடாகி வெளிவரும்போது ஊருக்கே ஆடையாகிறது. அரை டாலர் அத்தகைய ஒற்றை நூல்.

அந்நூல் எவ்வளவு தூரம் ஓடியது? 1986-இல் ஹுவாலியனில் பெரிய மருத்துவமனை ஒன்று திறக்கப்பட்டது. முன்பணம் கட்டினால்தான் படுக்கை என்னும் வழக்கம் அங்கே வைக்கப்படவில்லை. அதனைக் கட்டப் பணமின்றித் தவித்த காலத்தில், ஜப்பானியத் தொழிலதிபர் ஒருவர் பெருந்தொகை தர முன்வந்தார். செங் யென் அதனை ஏற்கவில்லை. ஒருவர் பணத்தில் எழுந்தால் அஃது ஒருவர் சொல்லுக்கு அடங்கிய மருத்துவமனையாகும். பலர் காசில் எழுந்தால் பலர் அன்பில் நிற்கும் என்று கருதினார். 1999 செப்டம்பர் 21-ஆம் நாள் தைவானைப் பெரும் பூகம்பம் தாக்கி 2400-க்கும் மேற்பட்டோர் மாண்டபோது, இடிந்த பள்ளிகளில் சுமார் 50 பள்ளிகளை இந்நிறுவனமே திரும்பக் கட்டிக் கொடுத்தது. இன்று அதன் உதவி நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் சென்றிருக்கிறது.

3. குனிந்து கொடுத்தல்

இவர்களுடைய விதிகளுள் நம் உள்ளத்தைத் தொட்டது ஒன்று. உதவிப் பொருளை இரு கைகளாலும் ஏந்திக் கொடுக்க வேண்டும். கொடுப்பவர் இடுப்பு வளையத் தலைதாழ்த்தி வணங்க வேண்டும். நன்றி கூற வேண்டியவர் பெறுபவர் அல்லர், கொடுப்பவரே. தானம் செய்யும் வாய்ப்பைத் தந்தவர் பெறுபவர் அன்றோ? வெளிநாடு செல்லும் தொண்டர்கள் பயணச் செலவையும் தம் கைப்பணத்திலேயே செய்கின்றனர்.

இதன் அருமை, வேறுவிதமான கொடையைக் கண்டவர்க்கே தெரியும். 2005 ஜூலை 26 அன்று மும்பையில் சாந்தாகுருஸ் அளவையில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. தாராவிச் சந்துகளில் வீட்டுக்குள் நீர் ஏறியது. சில நாள் கழித்து ஒரு கூட்டத்தார் லாரியில் மாவும் போர்வையும் கொண்டுவந்தனர். நாமும் வரிசையில் நின்றோம். பொருளை நீட்டியவர் உடனே கையை விடவில்லை. புகைப்படக்காரர் தலையசைக்கும்வரை பெறுபவர் அப்படியே நிற்க வேண்டும். நம் தெரு மூதாட்டி ஒருவர் திரும்பி வந்து, “மாவு கெடச்சுது தம்பி, மொகந்தான் போச்சு” என்றார். மாவு நல்ல மாவுதான். போர்வையும் குளிர் தாங்கியது. ஆயினும் அவ்வம்மையார் சொன்ன குறை பொய்யன்று.

பொருள் ஒன்றே; கொடுக்கும் முறை வேறு. பகவன் புத்தர் காட்டிய நெறியில் செயலுக்கு முன் சேதனையாகிய எண்ணமே எடைபோடப்படுகிறது. எண்ணம் தன்னை உயர்த்திக்கொள்வதாயின், கொடுத்த பொருளோடு அவமானமும் சேர்ந்தே பெறுபவன் வீட்டுக்குள் நுழைகிறது.

4. பெற்றவர் கொடுப்பவரானது

நல்ல தானத்தைத் தேர்ந்தறிய ஓர் உரைகல் வேண்டுமாயின் அஃது இதுவே: இன்று பெற்றவர் நாளை கொடுப்பவராக ஆனாரா? மூன்று நாடுகளின் செய்தியைக் காண்போம்.

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகர்ப் பகுதியில் தைவானியர் ஆலைகள் நடத்தி வந்தனர். அவர்களுள் ட்சு சி தொண்டர்களான சிலர், 1990-களின் நடுவில், ஆலையில் மிஞ்சிய துணித் துண்டுகளையும் பழைய தையற் பொறிகளையும் கொண்டு ஜூலு இனப் பெண்களுக்குத் தையல் கற்பித்தனர். கற்றவர் பிறருக்குக் கற்பித்தனர். பிறகு அப்பெண்களே தொண்டர்களாகி, எய்ட்ஸ் நோயால் வாடியவர்களையும் பெற்றோரை இழந்த பிள்ளைகளையும் தேடிச் சென்று பேணினர். வெட்டுத்துணி என்று ஆலையில் கழித்துப் போடுவதை நாம் அறிவோம். அக்கழிவிலிருந்து ஒரு தொண்டர் படை எழுந்ததென்றால் வியப்பன்றோ?

பர்மா எனப்பட்ட மியன்மாரில் 2008 மே மாதம் நர்கீஸ் புயல் ஐராவதி ஆற்றுச் சமவெளியை அழித்தது. விதைநெல்லும் போயிற்று. ட்சு சி தொண்டர்கள் விதைநெல் அளித்தனர். விளைந்தபின் அவ்வுழவர்கள் சும்மா இருக்கவில்லை. உலையேற்றுமுன் ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் இட்டுவைத்து, தம்மினும் ஏழைகளுக்கு அளிக்கத் தொடங்கினர். மூங்கில் குழாயில் இட்ட காசு, மியன்மாரில் பிடியரிசியாயிற்று.

பிலிப்பைன்ஸ் நாட்டில் 2013 நவம்பர் 8-ஆம் நாள் ஹையான் புயல் தாக்கியது. தக்லோபான் நகரம் குப்பை மேடாயிற்று. உயிர் பிழைத்தோர் ஊரை விட்டே போகத் தலைப்பட்டனர். அப்போது ட்சு சி, நாளொன்றுக்கு 500 பெசோ கூலி கொடுத்து அவரவர் தெருவை அவரவரே துப்புரவு செய்யச் செய்தது. அவ்வூரின் வழக்கமான கூலியைவிட அது மிகுதி. வெறும் கையில் பணம் வைத்திருந்தால் பெறுபவர் இரவலர். உழைத்த கூலியாகப் பெற்றதனால் தம் ஊரைத் தாமே மீட்டவர் ஆயினர். உழைப்பாளியின் முதுகு நிமிர்ந்தே இருந்தது.

5. எல்லையும் சமயமும் கடந்து

1991-இல் கிழக்குச் சீனாவில் பெருவெள்ளம் நேர்ந்தது. தைவானுக்கும் சீனாவுக்கும் பகை நிலவியமையால், பகைவர்க்கு உதவுவதா என்று உள்நாட்டிலேயே எதிர்ப்பு எழுந்தது. ட்சு சி பின்வாங்கவில்லை. வெள்ளத்தில் மூழ்கியவனுக்கு எந்த அரசு என்று கேட்டுக் கை நீட்டுவது மைத்திரி ஆகாது. தக்லோபான் மக்களுள் பெரும்பாலோர் கத்தோலிக்கர். அவர்களுடைய சிதைந்த மாதாகோயிலைச் செப்பனிடவும் இப்பௌத்தர்கள் உதவினர். உதவியைத் தூண்டிலாக்கி மதம் மாற்றுவது இவர்கள் நோக்கமன்று.

2022 முதல் பகவன் பிறந்த லும்பினியிலும், அதனைத் தொடர்ந்து அவர் போதி எய்திய புத்தகயைச் சுற்றியுள்ள ஏழைச் சிற்றூர்களிலும் இவர்கள் தொண்டாற்றி வருகின்றனர். போதி மரத்தின் நிழல் எட்டும் தூரத்திலேயே பசியும் கூரையில்லாக் குடிசையும் உண்டு என்பதை யாத்திரை சென்ற நம்மவர் அறிவர். கடல் கடந்து வந்தவர்கள் செய்யும் அப்பணியில் நம் பங்கு யாது என்று எண்ண வேண்டியவர் நாமே.

6. கணக்குக் கேட்டல்

புகழ்ந்ததோடு நின்றுவிட்டால் பாடம் நிறைவுறாது. பெரிய அமைப்பாக வளர்ந்தபின் ட்சு சி மீதும் கேள்விகள் எழுந்தன. தைப்பே நகரின் நெய்ஹூ பகுதியில், பாதுகாக்கப்பட்ட நிலத்தில் கட்டடம் எழுப்ப அது முயன்றதைச் சுற்றுச்சூழல் ஆர்வலர் எதிர்த்தனர். நிதிக் கணக்கு இன்னும் வெளிப்படையாக வேண்டும் என்று பொதுமக்கள் கேட்டனர். 2015 மார்ச் மாதம் அத்திட்டத்தை நிறுவனம் திரும்பப் பெற்றது.

இதிலிருந்து நாம் கொள்ள வேண்டுவது: அறநிறுவனம் என்பதனாலேயே அது கேள்விக்கு அப்பாற்பட்டதாகாது. பிறர் காசு கையில் உள்ளவரை, கணக்குக் கேட்பது பாவமன்று. கணக்கை மறைப்பதே பஞ்சசீலத்தின் இரண்டாம் சீலத்திற்கு மாறானது. நம் தெருச் சங்கமாயினும் வரவும் செலவும் மாதந்தோறும் பலகையில் எழுதப்பட வேண்டும். ஐந்து ரூபாய் கொடுத்தவரும் அதனை வாசித்துக் கேள்வி கேட்கும் உரிமை பெற வேண்டும்.

7. நாம் செய்யத்தக்கது

பாபாசாகேப் அம்பேத்கர் 1956 அக்டோபர் 15-ஆம் நாள் நாகபுரியில் ஆற்றிய உரையில், வருவாயில் இருபதில் ஒரு பங்கைத் தம்மப் பணிக்கு அளிக்குமாறு கேட்டுக்கொண்டார். முதல்நாள் தீட்சை பெற்றவர்களுள் பெரும்பாலோர் ஏழைக் கூலிகள் என்பதை அவர் அறியாதவரா? அறிந்தே கேட்டார். எக்காலமும் பெறுபவனாகவே இருப்பவனுக்கு விடுதலை இல்லை. கொடுக்கத் தொடங்கும் நாளிலேயே ஒருவன் தன்னை மனிதனாக எண்ணத் தொடங்குகிறான்.

எனவே வீட்டிற்கு ஒரு குழாயோ டப்பாவோ வையுங்கள். வேலைக்குப் புறப்படுமுன் ஒரு ரூபாய் இடுங்கள். பிள்ளைகளின் கையாலும் இடச் செய்யுங்கள். பௌர்ணமிதோறும் விகாரையில் எல்லோர் முன்னும் எண்ணிப் பதியுங்கள். பள்ளிக் கட்டணம் கட்ட முடியாத பிள்ளை, மருந்து வாங்க இயலாத முதியோர் ஆகியோரை நேரிற்சென்று கண்டு உதவுங்கள். அவர்கள் எச்சாதியார், எம்மதத்தார் என்று கேளாதீர்கள். கொடுக்கும்போது இரு கைகளாலும் கொடுங்கள். படம் எடுக்காதீர்கள். பெற்றவரிடம், “உங்களால் இயன்ற நாளில் நீங்களும் ஒரு ரூபாய் இடுங்கள்” என்று சொல்லி வாருங்கள்.

வகுப்பில் உரையாடுதற்குரிய வினாக்கள்

1. மாதம் ஒருமுறை பெருந்தொகை தருவதைவிட நாள்தோறும் சிறுதொகை இடுவது மனத்திற்கு எவ்வாறு பயிற்சியாகிறது?
2. தக்லோபானில் உதவியைக் கூலியாகக் கொடுத்ததனால் விளைந்த நன்மை யாது? நோயாளிக்கும் முதியோர்க்கும் அம்முறை பொருந்துமா?
3. நீங்கள் பெற்ற உதவிகளுள் முகம் வாடாமல் பெற்றது எது? அதனைக் கொடுத்தவர் எவ்வாறு நடந்துகொண்டார்?
4. நம் சங்கத்தின் கணக்கைச் சென்ற ஆண்டில் எத்தனை பேர் வாசித்தோம்?

நான்காம் வினாவிற்கு ஒவ்வொருவரும் எழுந்து நின்று விடை கூறுதல் நலம்.

எல்லா உயிர்களும் பசியின்றி, பகையின்றி, அச்சமின்றி வாழ்க!