பழைய மோட்டார் வண்டியும் பொறியின் காலமும்

நெடுந்தீவுக்குப் பாலம் இல்லை. குறிகட்டுவான் துறையிலிருந்து படகேறி ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடல்மேற் சென்றே அத்தீவை அடைதல் வேண்டும். அங்கு ஒரு வண்டி பழுதுற்றால் அதனைப் பட்டறைக்கு இழுத்துச் செல்லுதல் எளிதன்று. ஆகவே இயந்திரத்தின் இயல்பை அறிதல் தீவகத்தார்க்கு வெறும் பொழுதுபோக்கன்று. வாழ்க்கைக்கு வேண்டிய கல்வியேயாம். யாழ்ப்பாணத்து வீதிகளில் நெடுங்காலம் பயின்ற மொறிஸ் மைனர் வண்டியை எடுத்துக்காட்டாகக் கொண்டு, பொறியின் காலத்தையும் மெல்லோட்டத்தையும் சீர்செய்யும் முறையை இங்கு ஆராய்வோம்.

பிஸ்ரன் உச்சியை அடைந்த பின்னர் பொறி எழுந்தாற் போதாதோ என மாணவர் வினவலாம். போதாது. பெற்றோலாவியும் காற்றுங் கலந்த கலவை ஒரு கணத்தில் முழுதும் எரிந்துவிடுவதில்லை. நிமிடத்துக்கு 500 முறை சுழலும் இயந்திரம் ஒரு விநாடியின் ஆயிரத்திலொரு பங்கில் 3 பாகை திரும்பும். 3000 முறை சுழலும்போது அதே நேரத்தில் 18 பாகை திரும்பும். ஆதலின் பொறி உச்சிக்குச் சற்று முன்னரே எழுதல் வேண்டும்; விரைவு கூடக்கூட இன்னும் முந்துதல் வேண்டும். இதனை டிஸ்ரிபியூற்றரினுள் உள்ள சிறு எடைகள் தாமே செய்கின்றன. தொடக்க நிலையை அமைத்தலே நமது கடன்.

முதலிற் கியரை விடுவித்துக் கைப்பிரேக்கை இறுக்குக. பொயின்ற் முழுதும் விரிந்த நிலையில் அதன் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம் வரை இருத்தல் வேண்டும். உப்புக்காற்றினால் இணைப்புகளிற் படியும் பச்சைக் களிம்பையும் துடைத்தல் நன்று. இடைவெளி மாறினாற் பொறியின் காலமும் மாறுமாதலின் இதுவே முதல் வேலை. அடுத்து, முதலாஞ் சிலிண்டர் அமுக்க வீச்சில் இருக்கையில் இயந்திரத்தை அது ஓடும் திசையிற் திருப்பி, கப்பியிலுள்ள வெட்டைக் கைந்நூலிற் கூறிய பாகைக் குறிக்கு நேரே நிறுத்துக. சிறிய 12 வோல்ற் மின்குமிழ் ஒன்றின் ஒரு கம்பியை டிஸ்ரிபியூற்றரின் மெல்லிய கம்பி பூட்டிய முனையிலும் மற்றதை இயந்திர உடலிலும் இணைத்துச் சாவியைத் திறக்குக. டிஸ்ரிபியூற்றரின் பிடியைத் தளர்த்தி, குமிழ் அணையும் வரை திருப்பியபின், உள்ளே றோட்டர் சுழலும் திசைக்கு எதிராக மெல்லத் திருப்புக. குமிழ் ஒளிரும் அக்கணமே பொயின்ற் பிரியுங் கணம். அங்கே பிடியை இறுக்குக.

இதன் பின்னரே காபரேற்றரைத் தொடுதல் முறை. இயந்திரம் நன்கு சூடேறிய பின், காற்றோட்டமுள்ள இடத்தில் இதனைச் செய்க. மூடிய கொட்டிலிற் புகை உயிர் கொல்லும். எஸ்.யூ. காபரேற்றரின் உள்ளே ஏறியிறங்கும் பிஸ்ரனை ஓர் அங்குலத்தின் 32இல் ஒரு பங்களவு உயர்த்திப் பார்க்க. வேகம் கூடியே நின்றாற் பெற்றோல் மிகுதி. இயந்திரம் தளர்ந்து நின்றாற் குறைவு. கணநேரம் சிறிது கூடிப் பின் பழைய நிலைக்கு மீண்டால் அளவு சரி. அடியிலுள்ள திருகை மேலேற்றினாற் பெற்றோல் குறையும், கீழிறக்கினாற் கூடும். பொறி பிந்தியிருக்க, வேகத் திருகை மட்டும் முறுக்கி மெல்லோட்டத்தைத் திருத்துவோர் பிழையை மறைக்கின்றாரேயன்றி நீக்குவதில்லை. பெற்றோலும் வீணாகும், இயந்திரமும் கொதிக்கும்.

இவ்வறிவின் பயனைக் குடாநாடு 1990ஆம் ஆண்டின் பின் நன்கு கண்டது. பெற்றோல் தடைப்பட்ட அக்காலத்திற் சில துளி பெற்றோலினால் இயந்திரத்தை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டினர். மொறிஸ், ஒஸ்ரின் முதலிய பழைய வண்டிகளே அதற்கு இசைந்தன. மண்ணெண்ணெய் அமுக்கத்தைத் தாங்காது தானே வெடித்துத் தட்டலை உண்டாக்கும் இயல்பினது. எனவே பொறியைச் சற்றுப் பிந்தவிடுதல் வேண்டும். எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி இயந்திர எண்ணெயை நீர்க்கச் செய்யுமாதலின் எண்ணெயை அடிக்கடி மாற்றவும் வேண்டும். நோயாளரை ஏற்றிச் செல்லும் வண்டி வழியில் நில்லாதிருந்தது இத்தகைய நுட்பங்களினாலேயாம்.

கைந்நூல் பெற்றோலுக்கே விதி கூறும்; அவ்விதியின் காரணத்தை அறிந்தவனே மண்ணெண்ணெய்க்கும் விதி காண்பான். மாணவர்காள், பௌதிக வகுப்பிற் கற்கும் வெப்பமும் அமுக்கமும் மின்னும் இவ்வியந்திரத்தில் ஒருங்கே தொழிற்படுகின்றன. மனனஞ் செய்தலோடு அமையாது, கையாலும் கற்பீர்களாக.