நிர்ப்பீடனமும் எச்.ஐ.வி. தொற்றும்

காய்ச்சலும் இருமலும் எமது மலைநாட்டுக்குப் புதியனவல்ல. பசறை, லுணுகலை, அப்புத்தளைத் தோட்டங்களில் மழைக்காலம் வந்ததும் லயங்கள்தோறும் யாரேனும் ஒருவர் போர்வைக்குள் நடுங்குவதைக் காண்கிறோம். கொத்தமல்லிக் குடிநீரோடு பெரும்பாலும் அது தீர்ந்துவிடுகின்றது. தீர்ப்பது குடிநீர் மட்டுமன்று; உடலுக்குள்ளேயே ஒரு காவற்படை இருக்கின்றது. அதனையே நிர்ப்பீடனம் என்கிறோம். அக்காவற்படையையே தாக்கும் வைரசு எச்.ஐ.வி. ஆகும்.

குருதியிலுள்ள வெண்கலங்களுள் சீடி4 எனப்படுபவை அப்படையின் தளபதிகள் போன்றவை. சுகதேகியின் குருதியில் ஒரு கன மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 500 முதல் 1500 வரை இவை காணப்படும். வைரசு இவற்றினுள்ளே புகுந்து பெருகி இவற்றையே அழிக்கின்றது. எண்ணிக்கை 200க்குக் கீழ் இறங்கினால் சயரோகம், ஒருவகை நியுமோனியா முதலியன எளிதிற் பற்றிக்கொள்ளும். அம்முற்றிய நிலையே எயிட்ஸ்.

இனி, அறிகுறிகள் யாவை? தொற்றிய இரண்டு முதல் நான்கு கிழமைகளில் பலருக்குக் காய்ச்சல், தொண்டை நோ, தோலிற் சிவந்த தடிப்பு, நெறிகட்டல் என்பன தோன்றும். சிலருக்கு ஒன்றுமே தோன்றாது. பின்னர்ப் பல ஆண்டுகள் மௌனமாகக் கழியும். அதன் பின்னரே உடல் மெலிவும், நீங்காத வயிற்றோட்டமும், இரவு வியர்வையும் வரும். இவற்றுள் எதுவும் எச்.ஐ.வி.க்கே உரியதன்று. ஆகவே, மெலிந்தவரை ஐயுறுவதும் தவறு; நோயில்லாத தோற்றத்தை நம்பி வாளாவிருப்பதும் தவறு. குருதிச் சோதனை ஒன்றே உண்மை கூறும். சென்னையில் 1986ஆம் ஆண்டு டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மருத்துவ மாணவி நிர்மலா சேகரித்த குருதி மாதிரிகளே, இந்தியாவில் இத்தொற்று உண்டென்பதை முதன்முதல் வெளிப்படுத்தின. அடுத்த ஆண்டே இலங்கையிலும் அது கண்டறியப்பட்டது.

அன்று மருந்தில்லை, இன்று உண்டு. இலங்கையில் 2004 முதல் அரசாங்கம் அதனை இலவசமாக வழங்கி வருகின்றது. நாள்தோறும் தவறாது உட்கொள்வோரிடத்து வைரசு பெருகாது அடங்க, சீடி4 கலங்கள் மீண்டும் பெருகும். வைரசு சோதனையிற் புலப்படாத அளவுக்குக் குறைந்த நிலை நீடிப்பின், உடலுறவினால் அது பிறருக்குத் தொற்றுவதில்லை. தாயிடமிருந்து சேய்க்குப் பரவுவதை இலங்கை ஒழித்துவிட்டதென உலக சுகாதார நிறுவனம் 2019இல் சான்று வழங்கியது.

எனினும், பதுளைப் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்துக்குச் செல்ல அஞ்சுவோர் உளர். அங்கு சோதனை இலவசம், இரகசியமும் காக்கப்படும். அவர்கள் அஞ்சுவது ஊசிக்கன்று, ஊர்வாய்க்கே. ஒரே பீலியில் நீர் பிடிப்பதாலோ, ஒரே கோப்பையில் தேநீர் அருந்துவதாலோ, பிள்ளைக் காம்பராவிற் குழந்தைகள் கூடி விளையாடுவதாலோ இது பரவாது. இதனை அறிந்தும் அயலவரை ஒதுக்குவோமாயின், அவர் சோதனைக்குச் செல்லாது வீணே கழியும் ஒவ்வோராண்டுக்கும் நாமே பொறுப்பாளிகளாவோம். கற்றோராகிய நாம் முதலில் அடக்கவேண்டியது நமது நாவையே.