மஞ்சள் மாத்திரையும் கீமோவும்

கேள்வி: மார்பகப் புற்றுநோய்க்கு கீமோ எடுக்கும்போது மஞ்சள் சத்து மாத்திரையும் சாப்பிட்டால் மருந்து நன்றாக வேலை செய்யுமாமே?
– வாசகி, திருச்சி

பதில்: ஆய்வகத் தட்டில் சில சமயம் செய்கிறது. அங்கே வளர்வது பெரும்பாலும் எம்.சி.எஃப்-7 என்ற மார்பகப் புற்றுநோய்ச் செல்கள். 1970-ல் அமெரிக்காவில் ஒரு கன்னியாஸ்திரீயின் நுரையீரலைச் சுற்றிச் சேர்ந்த நீரிலிருந்து எடுத்தவை. இன்றும் பெருகிக்கொண்டே இருக்கின்றன. தட்டில் மஞ்சளின் சத்தான குர்குமினை நேரே செல்களின் மேல் ஊற்றலாம். வாயால் விழுங்கினாலோ குடலும் கல்லீரலும் பெரும்பகுதியை உருமாற்றி வெளியே தள்ளிவிடும். ரத்தத்தில் சேர்வது சொற்பம்.

சேர்ந்தாலும் நல்லதே நடக்கும் என்பதற்கில்லை. 2002-ல் வட கரோலினா ஆய்வாளர்கள் இதே செல்களில் குர்குமினைக் கலந்தபோது, டாக்சோரூபிசின் என்ற கீமோ மருந்து செல்களைக் கொல்லும் திறன் குறைந்தது. குர்குமின் கலந்த தீனி தின்ற எலிகளிடம் சைக்ளோபாஸ்பமைடு என்ற இன்னொரு கீமோ மருந்தின் வீரியமும் மங்கியது. செல்லுக்குள் வீரியமான ஆக்சிஜன் மூலக்கூறுகளைக் கிளப்பியும் இம்மருந்துகள் ஓரளவு வேலை செய்கின்றன; குர்குமின் அவற்றை அணைத்துவிடுகிறது. விளம்பரங்களில் ‘ஆன்டி ஆக்சிடன்ட்’ என்று புகழப்படும் அதே குணம்தான்!

மறுபக்கமும் உண்டு. 2020-ல் வெளியான ஆர்மீனிய ஆய்வில் நோய் முற்றிய 150 பெண்கள் பங்கேற்றனர். பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்தோடு குர்குமினும் பெற்றவர்களில் கட்டி சுருங்கியவர்கள் அதிகம். ஆனால் அங்கே குர்குமின் நரம்பு வழியே ஏற்றப்பட்டது, மாத்திரையாக அல்ல.

குழம்பில் போடும் மஞ்சளுக்குப் பயப்பட வேண்டாம். மாத்திரை டப்பாவை மட்டும் கீமோ தரும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அதில் மிளகின் பைப்பரின் சேர்ந்திருந்தால் கூடுதல் கவனம் தேவை. மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளை அது தடுக்கக்கூடும்.