ராக்கெட்டுக்குப் பணம் கேட்பவர்கள்

தொழில்முனைவோர் முதலீடு கேட்கும் ‘ஷார்க் டேங்க் இந்தியா’ தொலைக்காட்சி நிகழ்ச்சி 2021 டிசம்பரில் தொடங்கியதிலிருந்து பிட்ச், பங்கு, வேல்யுவேஷன் என்ற சொற்கள் நம் வீட்டுக் கூடத்துக்கே வந்துவிட்டன. நல்லதுதான். வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்காமலும் தொழில் தொடங்கலாம் என்பது பலருக்கு அப்படித்தான் தெரியவந்தது. ஆனால் கூடவே சில தவறான எண்ணங்களும் வந்து ஒட்டிக்கொண்டன. மசாலாப்பொடி விற்பவருக்கு அவற்றால் பெரிய கேடில்லை. ராக்கெட், பேட்டரி, மருத்துவக் கருவி என்று இறங்கும் இளம் பொறியாளர்களை அவை வருடக்கணக்கில் அலைக்கழிக்கின்றன. அவற்றில் சிலவற்றையாவது இங்கே சரிசெய்ய வேண்டும்.

“யோசனையை வெளியே சொன்னால் திருடிவிடுவார்கள்.”

ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டால்தான் பேசுவேன் என்று பிடிவாதம் பிடிக்கும் நிறுவனர்கள் உண்டு. பெரும்பாலான முதலீட்டு நிதியங்கள் முதல் சந்திப்பில் அப்படிக் கையெழுத்துப் போடுவதில்லை. ஒரே யோசனையோடு பல பேர் அவர்களிடம் வருகிறார்கள். ஒருவருக்குக் கையெழுத்துப் போட்டால் மற்றவரிடம் பேசவே முடியாது.

2013-இல் மின்சார ஸ்கூட்டர் என்பது யாருடைய ரகசியமும் அல்ல. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் அந்த ஆண்டு ஏதர் எனர்ஜியைத் தொடங்கினார்கள். முதலில் அவர்கள் நினைத்தது பேட்டரி பேக் மட்டும் செய்து தரலாம் என்று. சந்தையில் இருந்த வண்டிகள் அந்த பேட்டரிக்கு ஈடுகொடுக்காது என்று தெரிந்ததும், வண்டியையே செய்வதென்று மாறினார்கள். 2016-இல் மாதிரி வண்டியை ஊரறியக் காட்டினார்கள்; விற்பனைக்கு வந்தது 2018-இல். இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் யார் வேண்டுமானாலும் அந்த யோசனையை எடுத்திருக்கலாம். அதைச் செய்து முடிக்கத் தேவையான உழைப்பை எடுத்துக்கொண்டு போக முடியாது. உண்மையிலேயே புதிய கண்டுபிடிப்பு கையில் இருந்தால், காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டு மேடை ஏறுங்கள். முதலில் வெளியிட்டுவிட்டுப் பிறகு விண்ணப்பித்தால் பெரும்பாலும் உரிமை போய்விடும்.

“முழுசாகச் செய்து காட்டினால்தான் பணம் தருவார்கள்.”

நம் ஊர்ப் பொறியாளர்களை அதிகம் முடக்கிப்போடுவது இந்த எண்ணம்தான் என்பது என் கணிப்பு. ராக்கெட்டை முழுசாகச் செய்யப் பல நூறு கோடி வேண்டும். அது கையில் இருந்தால் முதலீட்டாளர் எதற்கு?

பணம் படிப்படியாக வருகிறது. ஒவ்வொரு படியும் ஒரு சந்தேகத்தைத் தீர்க்கத் தரப்படுகிறது. சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் பேராசிரியர் சத்யநாராயணன் சக்கரவர்த்தியின் துணையோடு ஸ்ரீநாத் ரவிச்சந்திரனும் மொயினும் 2017-இல் அக்னிகுல் காஸ்மாஸைத் தொடங்கியபோது, அவர்கள் முன் இருந்த சந்தேகங்களை எண்ணிப் பாருங்கள். ராக்கெட் இன்ஜினை ஒரே துண்டாக முப்பரிமாண அச்சில் எடுக்க முடியுமா? எடுத்தாலும் மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும் எரியும் வெப்பத்தை அது தாங்குமா? இவற்றுக்கெல்லாம் மேலாக, தனியார் நிறுவனம் இந்திய மண்ணிலிருந்து ராக்கெட் ஏவ வழியே அப்போது இல்லை. 2020-இல்தான் மத்திய அரசு விண்வெளித் துறையைத் தனியாருக்குத் திறந்தது. அந்த டிசம்பரில் அக்னிகுல் மத்திய அரசின் விண்வெளித் துறை அலுவலகத்தோடு ஒப்பந்தம் போட்டது. 2021-இல் 1.1 கோடி டாலர் முதலீடு வந்தது. 2023-இல் அதைவிடப் பெரிய சுற்று. ஸ்ரீஹரிகோட்டாவில் அவர்களே அமைத்த ஏவுதளத்திலிருந்து சோதனை ராக்கெட் கிளம்பியது 2024 மே 30-ஆம் தேதி. அதற்கு முன் பலமுறை கடைசி நேரத்தில் ஏவுதலை நிறுத்தியிருந்தார்கள்.

முதல் முதலீட்டாளர்கள் பணம் போட்டபோது பறக்கும் ராக்கெட் எதுவும் இல்லை. ஆகவே பிட்சில் எல்லாவற்றையும்விட முக்கியமான பக்கம் ஒன்று உண்டு. இந்தப் பணம் தீரும் நாளில் எந்தச் சந்தேகம் தீர்ந்திருக்கும்? அதை ஒரு வரியில் எழுத முடியவில்லை என்றால் பணம் கேட்கும் நேரம் இன்னும் வரவில்லை.

“ஒரு தோல்வி போதும், கதை முடிந்தது.”

ஸ்பேஸ்எக்ஸின் பால்கன் 1 ராக்கெட் 2006, 2007, 2008 என்று மூன்று முறை விழுந்தது. மூன்றாவது முறை நடந்ததைச் சற்றுக் கிட்டத்தில் பாருங்கள். முதல் கட்ட இன்ஜின் அணைந்தது. ஆனால் உள்ளே மிச்சமிருந்த எரிபொருள் கொஞ்சம் உந்துவிசை கொடுத்துக்கொண்டே இருந்தது. கட்டங்கள் பிரிந்ததும் கீழ்க் கட்டம் முன்னே பாய்ந்து மேல் கட்டத்தின் பின்புறம் இடித்தது. தரையில் நடத்திய சோதனையில் காற்றழுத்தம் இருந்ததால் அந்தச் சிறு விசை கண்ணில் படவே இல்லை. இன்ஜின் அணைவதற்கும் கட்டம் பிரிவதற்கும் இடையில் சில விநாடிகள் கூட்டினார்கள். எட்டு வாரத்தில், 2008 செப்டம்பர் 28 அன்று, நான்காவது ராக்கெட் சுற்றுப்பாதைக்குப் போனது. அந்த டிசம்பரில் நாசா 160 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. ஏன் விழுந்தது என்று துல்லியமாகச் சொல்லத் தெரிந்தவரை விவரமறிந்த முதலீட்டாளர் தள்ளிவைப்பதில்லை. காரணம் சொல்லாமல் மழுப்புபவரைத்தான் தள்ளிவைக்கிறார்.

“25 கோடி வேல்யுவேஷன் என்றால் 25 கோடிக்கு அதிபதி.”

செய்தித்தாள் தலைப்பு அப்படித்தான் போடும். கணக்கு இது: முதலீட்டாளர் 5 கோடி போட்டு 20 சதவீதப் பங்கு எடுத்தால், நிறுவனத்தின் மதிப்பு 25 கோடி என்று காகிதத்தில் எழுதுகிறார்கள். வந்தது 5 கோடிதான். அதுவும் நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு; நிறுவனர் சட்டைப்பைக்கு அல்ல.

இன்னொன்றையும் கையெழுத்துப் போடுவதற்கு முன் படிக்க வேண்டும். நிறுவனம் விற்கப்பட்டால் முதலீட்டாளர் போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொள்வார் என்ற விதி, டெர்ம் ஷீட் எனப்படும் முதலீட்டு நிபந்தனைத் தாளில் அநேகமாக இருக்கும். நிறுவனம் 6 கோடிக்குத்தான் விலைபோனது என்று வையுங்கள். அவர் 5 கோடியை எடுத்துவிடுவார். 80 சதவீதம் வைத்திருக்கும் நீங்களும் உங்கள் கூட்டாளிகளும் மீதி ஒரு கோடியைப் பிரித்துக்கொள்ள வேண்டியதுதான். இது ஏமாற்று அல்ல, வழக்கமான விதி. ஒரு நல்ல வக்கீலுக்குக் கொடுக்கும் கட்டணம் இந்த இடத்தில் வீண்போகாது.

“படிப்பைப் பாதியில் விட்ட இருபது வயதுப் பையன்தான் சாதிப்பான்.”

அமெரிக்காவில் மிக வேகமாக வளர்ந்த புதிய நிறுவனங்களை ஆராய்ந்த நான்கு பொருளியலாளர்கள், அவற்றைத் தொடங்கியவர்களின் சராசரி வயது 45 என்று கண்டார்கள். பொதுத்துறை ஆலையிலோ மோட்டார் கம்பெனியிலோ இருபது வருடம் வேலை பார்த்துவிட்டு, இனிமேலா என்று தயங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

“பெரிய பெயர்கள் பணம் போட்டிருந்தால் தொழில்நுட்பம் சரியாகத்தான் இருக்கும்.”

விரல் நுனி ரத்தத்தில் ஏராளமான சோதனைகள் செய்வோம் என்று சொன்ன அமெரிக்க நிறுவனம் தெரனோஸ், 70 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. பத்திரிகை அதிபர் ரூபர்ட் மர்டாக் முதலீடு செய்தார். முன்னாள் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஹென்றி கிசிஞ்சர் இயக்குநர் குழுவில் இருந்தார். 2015-இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் விசாரித்தபோது, பெரும்பாலான சோதனைகள் வெளியில் வாங்கிய சாதாரண இயந்திரங்களில் நடந்தது தெரியவந்தது. முதலீட்டாளர்களை ஏமாற்றியதாக அதன் நிறுவனர் எலிசபெத் ஹோம்ஸ் 2022-இல் குற்றவாளி எனத் தீர்ப்பானது. அங்கே பணம் போட்டவர்களில் பலர் பெரும் செல்வந்தக் குடும்பங்கள்; மருத்துவத் துறையில் பழுத்த நிதியங்கள் பெரும்பாலும் ஒதுங்கியே நின்றன.

“முதலீட்டாளர் இல்லாமல் எதுவும் நடக்காது.”

மென்பொருள் நிறுவனமான ஜோஹோ வெளி முதலீடு இல்லாமலே உலக அளவில் வளர்ந்தது. முதலீட்டு நிதியங்கள் பொதுவாகப் பத்து வருட ஆயுள் கொண்டவை. போட்டதில் பாதிக்கு மேல் தேறாது என்று தெரிந்தேதான் போடுகிறார்கள். அதனால் தேறுவது பல மடங்கு தர வேண்டும். வருடம் இரண்டு கோடி லாபம் தரும் அருமையான தொழிலை அவர்கள் வேண்டாம் என்றால், அந்தத் தொழிலில் குறை இருக்கிறது என்று அர்த்தமில்லை. அதற்கு ஏற்ற இடம் வங்கி. கல்லூரி ஆய்வகத்தைத் தாண்டாத கருவிக்கு மத்திய அரசின் ‘நிதி பிரயாஸ்’ திட்டம், மாதிரிக் கருவி செய்ய 10 லட்சம் ரூபாய் வரை தருகிறது. உயிரித் தொழில்நுட்பம் என்றால் பைராக் அமைப்பின் பிக் திட்டத்தில் 50 லட்சம் வரை கிடைக்கும். இரண்டும் மானியம். பிரயாஸுக்கு அந்தத் திட்டத்தை நடத்தும் தொழில் வளர்ப்பகங்கள் வழியாக விண்ணப்பிக்கலாம்.