மதிலைக் காத்தவர் மக்களை மறந்த கதை

உலகம் அழிந்தபின் எஞ்சிய சிலர் ஒரு தலைவனை நம்பி வாழ்வதும், அவன் பிழையால் மீண்டும் அழிவதுமாகிய கற்பனை நாடகங்கள் இந்நாளில் தொலைக்காட்சியிற் பலவாகக் காட்டப்படுகின்றன. அத்தகையதொரு நாடகம் நம் புதுச்சேரியிலேயே மெய்யாக நிகழ்ந்ததன்றோ? அது புலப்படுத்தும் அறத்தை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

1758-ஆம் ஆண்டு ஏப்ரலில் பிரெஞ்சுப் படைத்தலைவராக லாலி என்பார் இங்கு வந்திறங்கினார். அவர் வீரத்திற் குறைந்தவரல்லர். வந்து இரு திங்கள் நிரம்புமுன் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினக் கோட்டையைக் கைக்கொண்டார். ஆயினும் மக்களின் மானத்தை அவர் ஒரு பொருளாக எண்ணினாரல்லர். படைக்குச் சுமையாள் இன்மையால் நகரமாந்தரைக் குலமும் தொழிலும் பாராது வலிந்து பிடித்து ஏவினார். அது சமத்துவம் கருதிய செயலன்று. எல்லாரையும் ஒப்ப இழிவுபடுத்திய செயலே. தஞ்சைப் படையெடுப்பின்போது கீழ்வேளூர்க் கோயில் சூறையாடப்பட்டது. ஆலோசனைச் சபையாரையோ அவர் வெளிப்படையாகக் கள்வரென்று இகழ்ந்தார். அவர்களும் பகை பாராட்டினர்.

1759 பிப்ரவரியிற் சென்னை முற்றுகை கைவிடப்பட்டது. 1760 ஜனவரி 22-இல் வந்தவாசியிற் பெருந்தோல்வி நேர்ந்தது. பின்னர் ஆங்கிலத் தளபதி எயர் கூட் புதுச்சேரியை வளைத்துக்கொண்டார். உணவு சுருங்கவே, அவ்வாண்டு நவம்பர் இறுதியில் லாலி ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக ஏறத்தாழ 1400 பேரைக் கோட்டைக்கு வெளியே துரத்தினார். ஆங்கிலேயர் அவர்களை அப்பாற் செல்லவிடாது திருப்பினர். கோட்டையோ கதவு திறக்கவில்லை. இரு படைகளுக்கும் இடையே, புல்லின் வேரைத் தின்று, அவ்வேழைகள் ஏறத்தாழ எட்டு நாள் கிடந்தனர். முடிவிற் பகைவராகிய கூட் என்பாரே இரங்கி வழிவிட்டார். 1761 ஜனவரி 16-இல் நகரம் பகைவர் வசமாயிற்று; மதிலும் மாளிகைகளும் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன.

லாலி இங்கிலாந்திற் சிறைப்பட்டிருந்தும், தம்மீது சாற்றப்பட்ட குற்றங்களுக்கு விடையிறுக்கத் தாமே பிரான்சிற்குச் சென்றார். 1766 மே 9-இல் பாரிசில் அவர் தலை துணிக்கப்பட்டது. அவருக்காக வால்டேர் வாதாடினார்; 1778-இல் அத்தீர்ப்பு நீக்கப்பட்டது. துரோகி என்னும் பழி அவருக்குப் பொருந்தாது. அங்ஙனமாயின் அவர் பிழை யாது?

எத்துணை மாட்சியுடைய கோட்டையாயினும், செயலில் மாட்சியுடையார் இல்லாதவிடத்து அஃது அரணாகாது என்று வள்ளுவர் அரண் அதிகாரத்தை முடிக்கின்றார். அம்மாட்சி வாளாண்மை மட்டுமன்று. உடனுறைவாரை ஒன்றுபடுத்தலும் அதன்பாற்படும். லாலியிடம் அது இல்லை. தலைவர் தோற்பதைக் காணக் காத்திருந்த சபையாரிடமும் இல்லை. தன் மக்களையே வீண் வாய்களென்று எண்ணிக் கதவடைத்த நாளிலேயே அக்கோட்டை உள்ளே வீழ்ந்துவிட்டது. பின்னர் வீழ்ந்தவை கற்களே.

இன்று நாம் காணும் பழைய வீதி மாளிகைகள் பெரும்பாலும் அவ்வழிவிற்குப் பின் எழுந்தவை. அவற்றினூடே நாளும் நடக்கும் மாணவராகிய நாம், பள்ளியிலோ அலுவலகத்திலோ ஊர்ச்சபையிலோ நாளைத் தலைமை ஏற்கலாம். அப்பொழுது, இடுக்கண் வந்துழி முதலில் யாரை வெளியே தள்ள நினைக்கின்றோம் என்பதை நம்மை நாமே வினவிக்கொள்ளக் கடவோம்.