கருங்காட்டின் மரக்கடிகாரங்கள்

நுழையும்முன்

அருங்காட்சியகம் என்றவுடன் கடந்த காலத்தைக் கண்ணாடிப் பேழைக்குள் பூட்டிவைக்கும் இடம் என்றே எண்ணுகிறோம். தொழில் நலிந்து தவித்த ஒரு சிற்றூர், தன் பிள்ளைகள் கற்றுக்கொள்வதற்காகப் பழைய கடிகாரங்களைத் திரட்டிய வரலாற்றை இப்பாடம் கூறுகிறது.

செருமனியின் தென்மேற்கில், கருங்காடு எனப்படும் மலைப்பகுதியில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது ஃபுர்ட்வாங்கன். டான்யூப் ஆற்றின் உண்மையான தலையூற்று தங்கள் ஊரருகே தோன்றும் பிரெக் ஓடையே என்பர் இவ்வூரார். டோனவெஷிங்கன் நகரத்தார் அதை ஏற்பதில்லை. அவ்வழக்கு நமக்கு வேண்டா. இவ்வூருக்குப் பெயர் தேடித் தந்தவை கடிகாரங்களே.

அங்கே பண்ணைநிலம் துண்டாடப்படாமல் ஒரே பிள்ளைக்குச் சேர்வது வழக்கம். ஏனைய பிள்ளைகள் வேறு தொழில் தேட வேண்டும். பனி மூடிய நீண்ட குளிர்காலத்தில் வயல்வேலையும் இல்லை. ஆனால், சுற்றிலும் மரத்திற்குக் குறைவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் அம்மக்கள் மரத்தைச் செதுக்கிக் கடிகாரம் செய்யத் தொடங்கினர்.

அத்தொடக்ககாலக் கடிகாரங்களைப் பார்ப்பவர் வியப்படைவர். சட்டம் மரம், பற்சக்கரமும் மரம். மணி காட்டும் முள் ஒன்றே, நிமிடமுள் இல்லை. உழவர் வீட்டுக்கு அதுவே போதுமானதாக இருந்தது போலும்! பின்னர், முகப்பின் முன்னே குட்டையான ஊசல் ஒன்று விரைந்து ஆடும் கடிகாரங்கள் வந்தன. அவ்வூசலுக்கு மக்கள் இட்ட பெயர் ‘பசுவின் வால்’.

தொழில் வளர வளர, வேலை பல கைகளுக்குப் பிரிந்தது. ஒருவர் சட்டம் அறுத்தார். ஒருவர் மணி வார்த்தார். ஒருவர் சங்கிலி செய்தார். மரமுகப்பில் வெள்ளை வண்ணம் பூசி ரோசாமலர் தீட்டுவது மற்றொரு குடும்பத்தின் வேலை. அவற்றை ஒன்றுசேர்த்துக் கடிகாரமாக்கியவர் தம் பெயரைப் பெரும்பாலும் பொறிக்கவில்லை. முதுகில் கட்டிய மரச்சட்டத்தில் கடிகாரங்களை அடுக்கிக்கொண்டு வணிகர்கள் கால்நடையாகவே நாடு கடந்தனர். இங்கிலாந்து, உருசியா எனப் பல நாடுகளின் எளிய இல்லங்களிலும் கருங்காட்டுக் கடிகாரம் ஒலித்தது.

1840களில் நிலை மாறியது. அமெரிக்க ஆலைகளில் இயந்திரத்தால் முத்திரையிட்டு வெட்டிய பித்தளைச் சக்கரங்களைக் கொண்ட மலிவான கடிகாரங்கள் ஐரோப்பியச் சந்தையில் குவிந்தன. கையால் செய்தவர்கள் விலையைக் குறைத்தனர். குறைக்கக் குறைக்க வறுமையே மிஞ்சியது. பாடன் அரசு 1850இல் ஃபுர்ட்வாங்கனில் கடிகாரத் தொழிற்பள்ளியை நிறுவியது. அதன் முதல் இயக்குநர் ராபர்ட் கெர்விக் கடிகாரக் கலைஞர் அல்லர், பொறியாளர். பிற்காலத்தில் கருங்காட்டு மலைகளைக் குடைந்து இருப்புப்பாதை அமைத்தவர். அவர் பழைய மரக்கடிகாரங்களைத் தேடிச் சேர்க்கத் தொடங்கியது 1852இல். முன்னோர் எங்கே சிக்கலை அவிழ்த்தனர், எங்கே தடுமாறினர் என்பதை மாணவர் கண்ணால் கண்டு கற்க வேண்டும் என்பது அவர் எண்ணம். புதிய வடிவங்களுக்காக அவர் விடுத்த அழைப்பை ஏற்று, கட்டடக் கலைஞர் ஃபிரெட்ரிக் ஐசன்லோர் இருப்புப்பாதைக் காவலர் குடில் போன்ற கூடு ஒன்றை வரைந்து அனுப்பினார். கூரையும் கொடி வேலைப்பாடும் கொண்ட அக்கூட்டில் பின்னர்க் குக்கூப் பறவை குடியேறியது.

அப்பறவையின் குரல் எப்படி எழுகிறது? கூட்டின் இருபுறமும் சிறு துருத்தி ஒவ்வொன்று. அதன் அடியில் மரக்குழல் ஒன்று. மணியடிக்கும் சக்கரம் கம்பியால் துருத்தியைத் தூக்கி விடும். துருத்தி விழும்போது காற்று குழலில் புகுந்து ஒலிக்கும். முதற்குழல் உயர்ந்த ஒலியையும் அடுத்தது தாழ்ந்த ஒலியையும் தர, ‘குக்-கூ’ என நம் செவியில் விழுகிறது. இதைக் காட்டிலும் எளிய அமைப்பு எளிதில் தோன்றுமா?

கெர்விக் தொடங்கிய தொகுப்பே இன்றைய செருமானியக் கடிகார அருங்காட்சியகம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் அங்குக் காட்சியில் உள்ளன. வணிகரின் முதுகுச்சட்டமும் உண்டு. பழைய தொழிற்பள்ளியின் வழிவந்த பல்கலைக்கழகமே அதை நடத்துகிறது. கணினியியல் பயிலும் இளைஞர்கள் வகுப்புக்குச் செல்லும் அதே வளாகத்தில், பெயர் அறியாத உழவன் ஒருவன் செதுக்கிய ஒற்றைமுள் கடிகாரம் சுவரில் தொங்குகிறது.