மின்சாரம் நின்றாலும் நகரும் முள்

கேள்வி: டிஜிட்டல் சென்சார்கள் வந்த பிறகும் கொதிகலன்களில் முள் வைத்த பிரஷர் கேஜ் எதற்கு? இரண்டில் எது மேல்?

பதில்: இரண்டும் வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் விடை தெளிவாகும். முள் கேஜின் உயிர், 1849-இல் பிரான்சின் யூஜின் போர்டான் காப்புரிமை பெற்ற வளைந்த உலோகக் குழாய். அதன் குறுக்குவெட்டு தட்டையானது. உள்ளே அழுத்தம் ஏறும்போது அது உருண்டையாக முயல்கிறது. அதனால் வளைவு சற்றே நிமிர்கிறது. குழாய் முனையின் அந்தச் சிறு அசைவைப் பற்சக்கரங்கள் பெருக்கி முள்ளைத் திருப்புகின்றன. அளக்கப்படும் அழுத்தமே முள்ளை நகர்த்துவதால் மின்சாரம் தேவையில்லை. மின்னணு சென்சாரிலோ, மெல்லிய தகடு அழுத்தத்தால் வளைய, அதில் பதித்த கம்பிப் பின்னலின் மின்தடை மாறுகிறது; அந்த மாற்றமே எண்ணாகிறது.

முள் கேஜில் பற்கள் தேயும், அதிர்வில் முள் ஆடும் என்பது நியாயமான குறைதான். கிளிசரின் நிரப்பிய கேஜ் அந்த ஆட்டத்தைத் தணிக்கும். தேய்மானத்துக்கு முறையான சோதனையே மருந்து. தொலைவிலிருந்து கண்காணிக்கவும், பதிவு செய்யவும், நுண்ணிய மாற்றங்களைப் பிடிக்கவும் மின்னணு சென்சாரே மேல். ஆனால் மின்சாரம் நின்றாலும் கொதிகலனின் அழுத்தம் உடனே இறங்கிவிடாது. திரை இருண்ட அந்த நேரத்தில்தான் அளவு மிக அவசியம். இரண்டும் பழுதாகும் விதம் வேறு. ஆகவே ஒன்றுக்கொன்று சாட்சியாக இரண்டையும் வைப்பதே அறிவுடைமை.